பட்டம் இருந்தும் வேலை ஏன் கிடைப்பதில்லை? வேலைத்திறன் பற்றி ஓர் அறிமுகம்

இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களுள் வேலை செய்ய முன்வந்தும் வேலை இல்லாமல் இருந்தவர்கள் 2022ஆம் ஆண்டில் 3.4 சதவீதம். பட்டம் பெற்ற இளைஞர்களில் அதே கணக்கு 29.1 சதவீதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன.

இதை வைத்து, படித்தால் வேலை கிடைக்காது என்று முடிவுகட்டுவது தவறு. எழுத்தறிவு பெறாத ஏழை இளைஞருக்கு வேலையில்லாமல் இருக்க வசதி இல்லை. கட்டட வேலையோ, சுமை தூக்கும் வேலையோ, அன்று என்ன கூலி கிடைக்கிறதோ அதற்குப் போய்விடுகிறார். பட்டதாரி தன் படிப்புக்குரிய வேலைக்காகக் காத்திருக்கிறார். குடும்பமும் கடன் வாங்கியாவது அவரைக் காத்திருக்க வைக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்பு ஓராண்டு, ஈராண்டு என்று நீளும்போது, படிப்பு வாக்களித்ததற்கும் வேலைச் சந்தை கேட்பதற்கும் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது தெளிவாகிறது. நிறுவனங்கள் 'தகுதியான ஆள் கிடைப்பதில்லை' என்கின்றன. இளைஞர்கள் 'வேலை கிடைப்பதில்லை' என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மையாக இருக்க முடியுமா? முடியும். அந்த இடைவெளியில் இருப்பதைத்தான் வேலைத்திறன் என்கிறோம்.

வேலைத்திறன் என்பது என்ன?

ஒரு பாடத்தைக் கற்றுத் தேர்வில் தேறியவர் என்பதற்குப் பட்டம் சான்று. வேலைத்திறன் அதைவிட விரிந்தது. ஒரு வேலையைப் பெறவும், அதில் நிலைக்கவும், அந்த வேலை மறைந்து போனால் இன்னொன்றுக்கு மாறவும் ஒருவருக்கு உதவும் திறன்களின் தொகுப்பு அது.

இந்தத் திறன்களைப் பட்டியலிடும் முயற்சி 1990களின் தொடக்கத்தில் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தது. 1991இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைத்த ஆணையம் ஒரு பட்டியல் தந்தது. 1992இல் ஆஸ்திரேலியாவின் மேயர் குழு ஏழு திறன்களைச் சொன்னது: தகவலைத் திரட்டி ஆராய்ந்து ஒழுங்குபடுத்துவது, கருத்தைப் பிறருக்குப் புரியவைப்பது, வேலையைத் திட்டமிடுவது, பிறரோடு சேர்ந்து உழைப்பது, கணக்கைப் பயன்படுத்துவது, சிக்கலுக்குத் தீர்வு காண்பது, தொழில்நுட்பத்தைக் கையாள்வது. முப்பது ஆண்டுகள் கழித்தும் இந்தப் பட்டியல் பழசாகவில்லை. அன்று கணினித் துறையில் கோலோச்சிய மென்பொருள்களில் பல இன்று யாருக்கும் நினைவில்கூட இல்லை. வேலைத்திறன் என்றதும் புதிய மென்பொருள் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க ஓடும் பெற்றோர் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டியல்கள் புரிந்த மாதிரி இருக்கும், உண்மையில் புரியாது. ஆகவே ஒரு வேலையையே எடுத்துப் பார்க்கலாம்.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்கூடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒரு பெண் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். கணினிக் கட்டளைப்படி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் கடைந்து தரும் ஷாஃப்டின், அதாவது உருளைத் தண்டின், வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், 0.02 மில்லிமீட்டர் கூடலாம், அல்லது குறையலாம். அவர் மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியால் அளக்கிறார். முதல் ஷாஃப்ட் 25.004. சிறிது நேரம் கழித்து எடுத்தது 25.008. பிறகு 25.011. பிறகு 25.015. பிறகு 25.018.

ஐந்தும் எல்லைக்குள் இருக்கின்றன. விதிப்படி ஐந்துமே தேறிவிட்டன. தேர்வுத் தாளில் இந்தக் கேள்வி வந்தால் 'ஏற்கத்தக்கது' என்று எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் தொழிற்கூடத்தில் அந்தப் பெண் கவனிக்க வேண்டியது வேறு: அளவு ஒரே திசையில் ஏறிக்கொண்டே போகிறது. வெட்டும் முனை தேய்ந்து வருகிறது. முனை தேயத் தேய வெட்டின் ஆழம் குறைந்து விட்டம் கூடும். இன்னும் சில ஷாஃப்டுகளில் 25.02ஐத் தாண்டிவிடும், அதன்பின் வருவதெல்லாம் மீண்டும் கடைய வேண்டியவை. இப்போதே இயந்திரத்தை நிறுத்தி முனையை மாற்றினால் இழப்பு சில நிமிடம்தான்.

அதை அவர் யாரிடம் சொல்ல வேண்டும்? இயந்திரத்தை இயக்குபவரிடம். அவர் இருபது ஆண்டு அனுபவசாலி, வயதில் தந்தைக்கு இணையானவர், அன்றைய உற்பத்தி இலக்கை எட்ட வேண்டிய அவசரத்தில் இருப்பவர். 'அண்ணா, எல்லாமே அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஏறிக்கொண்டே போகிறது, இந்த ஐந்தையும் கொஞ்சம் பாருங்கள்' என்று பதிவேட்டைக் காட்டிச் சொல்லத் தெரிய வேண்டும். அவர் சலித்துக்கொண்டால் பின்வாங்காமல், குரலும் உயர்த்தாமல், மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகத் தெரிய வேண்டும். ஷிஃப்ட் மாறுமுன், அடுத்து வருபவருக்குப் புரியும்படி இரண்டு வரி எழுதிவைக்கவும் வேண்டும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மைக்ரோமீட்டரைப் படிப்பது கல்லூரி ஆய்வகத்தில் கற்றது. வெட்டுமுனை தேய்ந்தால் என்ன ஆகும் என்பது உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்தில் வந்தது. அளவுகளின் போக்கைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு வரைபடம் அமெரிக்கப் பொறியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் வகுத்தது. அதையும் அவர் தேர்வில் அழகாக வரைந்திருப்பார். ஆனால் தேர்வில் வரைந்த அந்தப் படம்தான் இப்போது தன் கையில் இருக்கும் ஐந்து எண்கள் என்று உணர்வதற்குத் தேர்வு அவரைப் பழக்கவில்லை. மூத்தவரிடம் தவறைச் சுட்டும் விதம், அதற்கு வேண்டிய துணிவு, சுருக்கமாக எழுதிவைப்பது ஆகியவற்றுக்குத் தாளே இல்லை.

இந்த எடுத்துக்காட்டில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பெண்ணின் பேச்சுத்திறனை அவருடைய பாட அறிவிலிருந்து பிரிக்கவே முடியாது. வெட்டுமுனை தேய்வதைப் பற்றித் தெரியாதவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பயனில்லை. தெரிந்தும் வாய் திறக்காதவராலும் பயனில்லை. நம் கல்லூரிகள் பலவற்றில் இந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தி முடித்துவிட்டு, கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போது வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்துவந்து, கைகுலுக்குவது எப்படி, குரூப் டிஸ்கஷனில் முதலில் பேசுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். மென்திறன் என்ற பெயரில் கடைசி நேரத்தில் பூசப்படும் இந்தப் பூச்சு நேர்காணல் அறையைத் தாண்டி நிற்பதில்லை.

தேர்வு அளக்காததைப் பள்ளி கற்றுத் தருகிறதா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு நல்ல ஆய்வு கிடைக்கிறது. அங்கே பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் ஜி.இ.டி. என்ற தேர்வில் தேறினால், பள்ளி முடித்ததற்கு ஈடான சான்றிதழ் பெறலாம். 2000ஆம் ஆண்டில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இவர்களை ஆராய்ந்தார். பள்ளியை முறையாக முடித்துக் கல்லூரிக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், அறிவுத் தேர்வுகளில் இவர்கள் சளைத்தவர்களாக இல்லை. ஆனால் சம்பாத்தியத்திலும் வேலையில் நீடிப்பதிலும் இவர்கள் பள்ளியைப் பாதியில் விட்ட மற்றவர்களுக்கு அருகிலேயே நின்றார்கள்.

மூளையில் குறை இல்லை என்றால் எதில் குறை? நாள்தோறும் நேரத்துக்கு வருவது, பிடிக்காத வேலையையும் முடிப்பது, கோபத்தை அடக்குவது, தொடங்கியதை விடாமல் தொடர்வது. பள்ளி இவற்றைத் தனிப் பாடமாக நடத்துவதில்லை, ஆண்டுக்கணக்கில் பழக்கிவிடுகிறது. 'படிப்பெல்லாம் வீண், திறன் இருந்தால் போதும்' என்று காணொளிகளில் முழங்குபவர்கள் இந்த ஆய்வை மறந்துவிடுகிறார்கள். பள்ளியும் கல்லூரியும் தரும் பயன், மதிப்பெண் பட்டியலில் தெரிவதைவிடப் பெரியது.

சமூகத் திறனின் விலையும் கூடிக்கொண்டே வருகிறது. 1980 முதல் 2012 வரை அமெரிக்க வேலைகளைக் கணக்கெடுத்த பொருளியலாளர் டேவிட் டெமிங், மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் உயர்ந்ததைக் கண்டார். கணக்கு அதிகமும் பழகுதல் குறைவுமாக இருந்த வேலைகளின் பங்கு 3.3 புள்ளிகள் குறைந்தது. காரணம் புரியாததல்ல. விதிப்படி செய்யக்கூடிய கணக்கை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து மாற்றிச் செய்ய வேண்டியதை அது எளிதில் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

பட்டத்தின் மதிப்பு குறைந்தது எப்படி?

ஒரு நிறுவனம் பட்டதாரியை ஏன் விரும்புகிறது என்பதற்குப் பொருளியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. கேரி பெக்கரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் முதல் விளக்கம்: படிப்பு ஒருவரின் உற்பத்தித்திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளமும் கூடுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்தது இரண்டாவது: படிப்பு திறனைக் கூட்டாவிட்டாலும்கூட, பட்டம் ஓர் அடையாளமாகப் பயன்படுகிறது. கடினமான படிப்பை முடித்தவர் உழைப்பாளியாகவும் புத்திசாலியாகவும் இருப்பார் என்று முதலாளி ஊகித்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்ததை இந்த இரண்டாவது விளக்கம் அப்படியே படம்பிடிக்கிறது. சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களைக் கணினி நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு எடுத்தன. பாலம் கட்டக் கற்றவர் வங்கிக்கு மென்பொருள் எழுதப் போனார். அவர் படித்த பாடம் நிறுவனத்துக்குத் தேவைப்படவே இல்லை. அவரால் படிக்க முடியும் என்பதுதான் தேவைப்பட்டது. வேலையைச் சொல்லித்தரும் பொறுப்பை நிறுவனமே ஏற்றது. இன்ஃபோசிஸ் மைசூரில் அதற்கென்றே ஒரு பெரிய பயிற்சி வளாகத்தைக் கட்டியது.

அதன்பின் பட்டங்கள் பெருகின. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியா முழுமைக்கும் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இது நாம் பெருமைப்பட வேண்டிய எண். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று எத்தனையோ முயற்சிகள் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் எல்லோரிடமும் இருக்கும் அடையாளம் யாரையும் தனித்துக் காட்டாது. ஆகவே நிறுவனங்கள் பட்டத்துக்கு மேல் ஒன்றைத் தேடத் தொடங்கின. கூடவே 'முதல் நாளே வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும்' என்றும் கேட்கத் தொடங்கின.

இந்தக் கோரிக்கையை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் இயந்திரம், அதன் மென்பொருள், அதன் நடைமுறை ஆகியவற்றை அந்த நிறுவனம்தான் கற்பிக்க முடியும். முன்பு தான் ஏற்றிருந்த பயிற்சிச் செலவைக் கல்லூரியின் தலையிலும், கடன் வாங்கிப் படிக்கும் மாணவரின் தலையிலும் இறக்கிவைத்துவிட்டு, 'இவர்கள் வேலைக்கு லாயக்கற்றவர்கள்' என்று சொல்வது நியாயமல்ல.

வேலைக்காகப் பிறந்த கல்லூரி

கல்விக்கும் வேலைக்கும் இடையே இவ்வளவு தூரம் எப்போதும் இருந்ததில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆட்கள் வேண்டியிருந்தது. மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். ஒரு வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால் பிறந்த பள்ளி அது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தபோது, அதன் முதன்மைப் பணி தேர்வு நடத்திப் பட்டம் தருவதாக இருந்தது. அரசு வேலைக்குப் பட்டம் கடவுச்சீட்டு ஆனது. தேர்வே இலக்காகிவிட்ட பழக்கம் அங்கிருந்துதான் நமக்குள் ஊறியது.

அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஜி.டி. நாயுடுவை மறக்கக் கூடாது. பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு விட்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டித் தொழில் தொடங்கியவர். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதில் பங்குகொண்டவர். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்த அவர், பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டு போதும் என்று வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் கல்லூரியே பின்னாளில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பட்டறையிலிருந்து கல்லூரியைப் பார்த்த அவருடைய கோணம் கோவையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வகுப்பையும் தொழிற்சாலைப் பயிற்சியையும் மாற்றி மாற்றி வைக்கும் சாண்ட்விச் படிப்புகளை பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள் நெடுங்காலமாக நடத்துகின்றன. 1926இல் தொடங்கிய அவர்களின் தொழிற்கூடம் பம்பும் மோட்டாரும் செய்து விற்கும் உண்மையான தொழிற்சாலை. மாணவர் அங்கே பழகுகிறார்.

தமிழ்நாட்டில் 'தொழிற்கல்வி' என்றால் ஏன் சிலருக்கு உடனே சந்தேகம் எழுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாணவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். சாதி தொழிலோடு பிணைந்திருந்த சமூகத்தில் இதன் விளைவு என்னவாகும் என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் உடனே கண்டுகொண்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டுகள் கழித்தும் அந்த விவாதம் முடியவில்லை. 18 பாரம்பரியத் தொழில்களுக்கான பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு எதிர்த்தது. அத்திட்டத்தை அந்த வடிவில் ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற கட்டுப்பாடு இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. அதற்குக் குறைந்தபட்ச வயது 35 என்பதால், படிக்கும் வயதினரை அது தொழிலுக்கு இழுக்காது.

ஒரு திறன் பயிற்சி நல்லதா என்று அறிய இந்த வரலாறே எனக்கு உரைகல். அது ஒரு பிள்ளைக்கு முன்னால் இருக்கும் வழிகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? பதினெட்டு வயதில் ஃபிட்டர் பயிற்சி எடுத்தவர் நாளை பாலிடெக்னிக்கிலும், பிறகு பொறியியலிலும் சேர வழி திறந்திருந்தால் அது நல்ல பயிற்சி. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைத்தொழில், வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்று பிரித்துவிடுவதாக இருந்தால், அதற்கு எத்தனை நவீனப் பெயர் வைத்தாலும் அது பழைய அநீதிதான்.

ஜெர்மனியும் நாமும்

தொழிற்கல்வி என்றதும் எல்லோரும் காட்டுவது ஜெர்மனியை. அங்கே பயிற்சியாளர் வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்தில் வேலை பழகுகிறார். மீதி நாளில் தொழிற்பள்ளியில் படிக்கிறார். நிறுவனம் அவருக்கு உதவித்தொகை தருகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு இப்படிப் பயிற்சி உண்டு. 1969இல் இயற்றிய சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. தேர்வைத் தொழில் வர்த்தக சபைகள் நடத்துவதால், ஒரு நிறுவனத்தில் பெற்ற சான்றிதழை நாட்டின் எந்த மூலையிலும் மதிக்கிறார்கள். அந்த ஊர் மாதிரியிலும் குறை உண்டு: பல மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தனித்தனித் தடங்களில் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது நமக்கு வேண்டாம்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஆனாலும் பயிற்சியின் வீச்சு சிறியது. 19 முதல் 24 வயதுள்ள இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்ற பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீட்டைப் புதிய தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துக்காட்டுகிறது. ஜெர்மனிக்கு அது தரும் எண் 75, தென் கொரியாவுக்கு 96.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், ஆண்டுக்கு பத்து லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கை வைத்தது. அதன் படிப்புகள் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றிருப்பதை நான் அதன் பெரிய பலமாகக் கருதுகிறேன். மாலை நேரத்தில் தனியாகப் பணம் கட்டிப் படிக்க முடியாத மாணவருக்கும் அது சென்று சேர்கிறது. ஒரு செமஸ்டரில் சில மணி நேரம் காணொளி பார்த்துச் சான்றிதழை இறக்கிக்கொள்வதோடு முடிகிற இடங்களில் அதன் பயன் குறைவு. ஆசிரியர் உட்கார்ந்து செய்ய வைக்கிற இடங்களில் அதிகம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் பணியும் முக்கியமானது. ரோபோ இயக்கத்தை ஐ.டி.ஐ. மாணவர் தொட்டுப் பழகுவது சிறிய மாற்றமல்ல. தனியார் துறையில் ஜோஹோ நிறுவனம் 2005 முதல் நடத்தும் பள்ளி, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்பித்து வேலையும் தருகிறது.

ஆங்கிலம் வேறு, புரியவைக்கும் திறன் வேறு

நேர்காணலில் திணறும் முதல் தலைமுறை மாணவரிடம் 'உனக்கு கம்யூனிகேஷன் இல்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதன் பொருள், ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதுதான். இரண்டும் ஒன்றல்ல. ஒரு சிக்கலை எதில் தொடங்கி எதில் முடித்தால் கேட்பவருக்கு விளங்கும் என்று அறிவதே புரியவைக்கும் திறன். அது தமிழில் கைவந்தவருக்கு ஆங்கிலம் சேர்ந்துகொள்ளச் சில மாதங்களோ ஓராண்டோ ஆகலாம், அவ்வளவுதான். அது எந்த மொழியிலும் கைவராதவருக்கு ஆங்கிலச் சரளம் வெறும் ஓசை. ஆகவே ஆசிரியர்கள் வகுப்பில் மாணவர்களைத் தமிழிலேனும் எழுந்து விளக்க வைக்க வேண்டும்: இந்த மின்சுற்று ஏன் வேலை செய்யவில்லை, இந்தக் கணக்கில் எங்கே தவறினேன் என்று. ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவை, மிகவும் தேவை. ஆனால் அதற்காகக் காத்திருந்து சிந்தனையை ஊமையாக்கக் கூடாது.

படிப்பு 22 வயதில் முடிவதில்லை

முன்பெல்லாம் முதல் இருபது ஆண்டு படிப்பு, அடுத்த நாற்பது ஆண்டு உழைப்பு என்று வாழ்க்கையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு திறனின் ஆயுள் ஓர் ஆளின் பணிக்காலத்தைவிடக் குறைந்துவிட்ட பிறகு அந்தப் பிரிவினை உடைகிறது. சிங்கப்பூர் இதை முன்கூட்டியே உணர்ந்தது. 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில், 25 வயதைக் கடந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் பயிற்சிக்காக 500 சிங்கப்பூர் டாலர் கொடுத்தது. 2024இல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேலும் 4,000 டாலர் கொடுத்தது. நாற்பது வயதுக்காரருக்கு இளைஞரைவிட அதிகம் கொடுத்த அந்த முடிவைப் பாராட்ட வேண்டும். குடும்பப் பொறுப்போடு வேலை இழப்பவர் அவர்தான். நம் ஊரில் திறன் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே மாணவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆட்குறைப்பில் வெளியே வந்த நாற்பது வயதுக் கணக்காளரோ அச்சகத் தொழிலாளரோ எங்கே போய்க் கற்பார்?

செயற்கை நுண்ணறிவு இதை இன்னும் அவசரமாக்குகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு வழக்கமாகத் தரப்படும் வேலைகளை, அதாவது முதல் வரைவு எழுதுவது, எளிய நிரல் எழுதுவது, தகவல் தொகுப்பது ஆகியவற்றை, இப்போது இயந்திரம் நொடியில் செய்கிறது. அது செய்து தந்தது சரியா என்று பார்க்க மனிதர் வேண்டும். சரி பார்க்கத் தெரிய வேண்டுமானால் அந்த வேலையை ஒருமுறையாவது தானே செய்து பழகியிருக்க வேண்டும். ஆகவே கல்லூரிக் காலத்தில் வீட்டுப்பாடத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் மாணவர், பின்னால் தனக்குத் தேவைப்படப்போகும் ஒரே திறனை இழக்கிறார். அடிப்படைப் பாடம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

நீங்கள் மாணவராக இருந்தால்

ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை, உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் ஒருவருக்காகச் செய்து பாருங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குக் கடன் கணக்குப் பார்க்க ஓர் எளிய செயலி, உறவினரின் தையல் கூடத்தில் துணி எங்கே வீணாகிறது என்ற கணக்கெடுப்பு, எதுவானாலும் சரி. கடைக்காரர் 'இது எனக்கு உதவாது' என்று சொல்லும் அந்த நாளில் நீங்கள் கற்பதை எந்தச் சான்றிதழ்ப் படிப்பும் தராது. அவர் ஏன் அப்படிச் சொன்னார், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு பக்கம் எழுதிவையுங்கள். நேர்காணலில் பேச உங்களுக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

பட்டமோ டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஓராண்டுப் பழகுநர் பயிற்சி கிடைக்கும். சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென் மண்டல அலுவலகம் இதைக் கவனிக்கிறது. கேம்பஸ் இன்டர்வியூவில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரிவதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கும் சில கேள்விகள் உண்டு. இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களில் தொழிற்கூடத்திலோ நிறுவனத்திலோ வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்? இன்டர்ன்ஷிப்புக்கு மாணவரே அலைந்து கடிதம் வாங்கிவர வேண்டுமா, கல்லூரி ஏற்பாடு செய்கிறதா? வேலை பெற்றதாகச் சொல்லும் மாணவர்களில் ஓராண்டு கழித்தும் அதே வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத கல்லூரி, வாசலில் எவ்வளவு பெரிய பிளேஸ்மென்ட் பலகை வைத்திருந்தாலும், அதை நம்பிக் கட்டணம் கட்டிவிடாதீர்கள்.